கண்ட்ரோல் ஒன்பது

களியக்காவிளையில் பஸ் ஐந்து நிமிடம் நிற்கும்.
கண்டக்டர் மாறுவதில்லை.
கடைப் பலகையில் எழுத்துகள் மட்டும்
திடீரென்று உருண்டுகொள்ளும்.
முப்பத்தோரு வருடமாக அந்த ஐந்து நிமிடத்தில்
பழுப்பு உறையிலிருந்து ஃபிலிமை உருவி
ஜன்னல் வெயிலுக்குப் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.
பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் கேட்டார்:
"சக்கையெ குறுக்கெ வெட்டினதா டாக்டரே?"
ஆமாம் என்றேன்.
அன்றைக்கு வேறு விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

பூத்துறை ததேயுஸ் வந்தது அந்த மழைக்காலத்தில்.
வலிப்பு வருமுன் வாயில்
துருப்பிடித்த தூண்டில் கொக்கியின் ருசி வரும் என்றான்.
வள்ளத்தில் யாரும் ஏற்றுவதில்லை.
கையில் மூன்று ரிப்போர்ட், மூன்றிலும் 'நார்மல்'.
மூன்றாவதில் இருந்தது என் கையெழுத்து.

மெல்லிய வெட்டுகளாக மறுபடி எடுத்தேன்.
இடது பக்கம், காதுக்கு உள்ளே ஆழத்தில்,
கடற்குதிரை என்று பேர் வைத்த ஒரு மடிப்பு
வாடி ஒட்டிப் போயிருந்தது.
பேரைச் சொன்னதும் சிரித்தான்.
"அது வலையிலெ வரும். தின்ன ஒக்காது."

ஒட்டிப் போனது என்று கண் சொன்னால் போதாது,
எவ்வளவு என்று எண் சொல்ல வேண்டும்.
கையில் இருந்த அளவுகோல் வேறு தேசத்தது;
அதில் வைத்தால் எங்கள் ஊர்த் தலைகள் எல்லாமே
கொஞ்சம் நோயாளியாகத் தெரிந்தன.
ஆகவே நோயில்லாதவர்களைத் தேடினேன்.
இருநூறு ரூபாய், பஸ் கூலி, ஒரு பாக்கெட் பிஸ்கட்.
செக்போஸ்டில் லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்துபவர்,
பாறசாலை கேட் கீப்பர்,
கொல்லங்கோட்டு ஆலயப் பாடகர் குழுவில் நாலு பேர்.
ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:
"தலையில ஒண்ணும் இல்லைன்னு எழுதித் தருவீங்களா?
வீட்டில காட்டணும்."
அறுபது பேர் வேண்டும். ஒன்பதாவது ஆள்
மெஷின் தட்டும் சத்தம் கேட்டு
பெல்ட்டை விட்டுவிட்டு ஓடிப்போனார்.
கம்மலைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டு
நானே படுத்தேன்.

கட்டுரை மூன்று முறை திரும்பி வந்தது.
இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்: ஏன் இந்த ஊர்?
பதினோரு வரி எழுதினேன், அழித்தேன்.
'நோயாளிகள் இங்கே இருப்பதால்' என்று போட்டேன்.
நாலாவது இடத்தில் அச்சானது.
அட்டவணையின் நடுவில்:
கண்ட்ரோல் 9. பெண். வயது 34. இடது 3.1.
என்னைப் பற்றி இதுவரை அச்சில் வந்ததில்
பொய்யே இல்லாத வரி அது.

ததேயுஸுக்கு அந்த மடிப்பை எடுத்துவிட்டார்கள்.
கொக்கியின் ருசி அப்புறம் வரவில்லை. கடலுக்குப் போகிறான்.
சில மீன்களின் பேர் மட்டும் நாக்குக்கு எட்டாது,
கையை விரித்துக் காட்டுவான், இவ்வளவு, இப்படி வால்.
அதையும் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.
யாரும் மேற்கோள் காட்டவில்லை.

இருபத்துநாலு வருடம் கழித்து
அதே அறுபது பேரைத் திரும்பக் கூப்பிட்டோம்.
நாற்பத்தோரு பேர் வந்தார்கள்.
பாடகர்களில் ஒருவர் மிச்சம்.
மெஷின் புதிது, வாய் கொஞ்சம் அகலம், அதே தட்டல்.

பேர் மறைத்த படங்களை
ரிஞ்சு வாசித்துக்கொண்டிருந்தாள்,
நான் பின்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தேன்.
"ஒன்பது. பெண், ஐம்பத்தெட்டு. இடது இரண்டு புள்ளி ஆறு."
நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாள்.
"கோட்டின் கீழ் ஓரத்தில் நிற்குது மேடம்.
வயசுக்கு ஓகேதான்.
நார்மல்னு போட்டுடட்டுமா?"

அந்தச் சொல்லை நான் முன்பே ஒருமுறை போட்டிருக்கிறேன்.

"அளவைப் போடு," என்றேன்.
"சொல்லை விடு. அடுத்த வருஷம் மறுபடி கூப்பிடு."
"வருவாங்களா மேடம்?"
"பஸ் கூலி கொடுத்தா வருவா."

திரும்பும் பஸ் களியக்காவிளையில் நின்றது.
உருண்ட எழுத்துகள் மறுபடி நிமிர்ந்தன.
ஃபிலிம் எதுவும் கொண்டுவரவில்லை.
பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்,
வாய்விட்டு,
பழக்கடை, பேட்டரி, செருப்பு,
ஒன்றையும் விடாமல்.